கைவிலங்குக்கு முன்னால் ஒரு கேள்வி

2006-ஆம் வருஷம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் இருக்கும் பஃபலோ நகரம். நயாகரா அருவிக்குப் பக்கத்து ஊர் என்று சொன்னால் சட்டென்று பிடிபடும். அங்கே ராபர்ட் ரஸ்ஸல் என்ற நீதிபதி, மனநலப் பிரச்சினை உள்ளவர்களின் வழக்குகளுக்கென்றே ஒரு தனி நீதிமன்றம் நடத்திக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவர் முன்னால் வந்து நின்றவர், வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். சிகிச்சையில் ஒரு முன்னேற்றமும் இல்லை. நீதிபதி எதைக் கேட்டாலும் தலை குனிந்தபடி ஒரு முனகல்தான் பதில்.

நீதிபதிக்கு ஒரு யோசனை தோன்றியது. நீதிமன்றத்தோடு சேர்ந்து வேலை பார்த்த ஹாங்க் பிரோவ்ஸ்கி, ஜாக் ஓ'கானர் என்ற இருவரும் வியட்நாமில் இருந்தவர்கள். "இவரை வெளியே வராந்தாவுக்குக் கூட்டிப் போய்க் கொஞ்சம் பேசிப் பாருங்கள்" என்று அவர்களிடம் சொன்னார். பேசிவிட்டுத் திரும்பி வந்த மனிதர் ஆளே மாறியிருந்தார். முதுகை நிமிர்த்தி, கைகளைப் பின்னால் கட்டி, சிப்பாய் நிற்கிற மாதிரி நின்றார். நீதிபதியின் கண்ணைப் பார்த்து, இனிமேல் முயற்சி செய்கிறேன் என்றார்.

டாக்டர்களும் கவுன்சிலர்களும் மாதக்கணக்கில் முயன்று திறக்காத கதவு, தன்னைப் போலவே போரைப் பார்த்த ரெண்டு பேர் பேசினதும் திறந்தது. 2008 ஜனவரியில் அதே நீதிபதி, முன்னாள் படைவீரர்களுக்கான சிகிச்சை நீதிமன்றத்தைத் தொடங்கினார். அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் 2004-லேயே இதைப் போன்ற ஒரு முயற்சி நடந்திருக்கிறது. ஆனாலும் நாடு முழுக்கப் பரவியது பஃபலோ மாடல்தான். இன்றைக்கு அமெரிக்காவில் 600-க்கும் மேற்பட்ட இடங்களில் இப்படிப்பட்ட நீதிமன்றங்கள் இருக்கின்றன.

இந்தக் கட்டுரையில் நாம் பார்க்கப் போவது மூணு விஷயம். போரிலிருந்து திரும்பிய ஒருவர் ஏன் போலீஸ் கையில் சிக்குகிறார்? அவரை ஜெயிலுக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்ப என்னென்ன வழிகள் இருக்கின்றன? அந்த வழிகளில் என்ன ஓட்டை? சட்டக் கல்லூரி சமாச்சாரம் மாதிரி தெரியலாம். ஆனால் உள்ளே போனால் இது நம் கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடம்தான்.

அணையாத அலாரம்

ஹாஸ்டல் சமையலறையில் ஒரு புகை சென்சார் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜமாகவே தீப்பிடித்தால் அலற வேண்டும். ஆனால் அதன் அளவை ரொம்பக் குறைத்து வைத்துவிட்டால் என்ன ஆகும்? தாளிக்கிற புகைக்கே அலறும். சென்சார் கெட்டுப் போகவில்லை. அது வேறு ஒரு இடத்துக்காக செட் செய்யப்பட்டது, அவ்வளவுதான்.

போர்முனையில் ஒரு வீரரின் மூளை இப்படித்தான் செட் ஆகிறது. ஈராக்கில் சாலையோரம் கிடக்கும் ஒரு குப்பை மூட்டைக்குள் வெடிகுண்டு இருக்கலாம். பின்னாலேயே வரும் கார் தாக்க வருவதாக இருக்கலாம். அங்கே சந்தேகப்படுகிறவர்தான் பிழைக்கிறார். அதே மனிதர் ஊருக்குத் திரும்பினதும், குப்பை மூட்டை வெறும் குப்பை மூட்டைதான். ஆனால் உடம்பு அதை ஒத்துக்கொள்ளாது. பட்டாசுச் சத்தம் கேட்டால் தரையில் படுப்பது, நடுரோட்டில் வேகமாக வண்டி ஓட்டுவது, ஹோட்டலுக்குப் போனால் வாசலைப் பார்த்தபடியே உட்காருவது, ராத்திரி தூங்க முடியாமல் வீட்டுப் பூட்டை நாலு தடவை சரி பார்ப்பது எல்லாம் இதிலிருந்து வருபவை.

முதல் உலகப் போரில் இதற்கு 'ஷெல் ஷாக்' என்று பெயர் வைத்தார்கள். கோழைத்தனம் என்று முத்திரை குத்தப்பட்டவர்களும் உண்டு. வியட்நாம் போர் முடிந்த பிறகு, 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் அதிகாரப்பூர்வமான நோய்ப் பட்டியலில் பி.டி.எஸ்.டி. என்ற பெயரில் இது இடம்பிடித்தது. தமிழில் 'பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு' என்று சொல்லலாம். இதன் அறிகுறிகளை நாலு கட்டாகப் பிரிக்கிறார்கள்: நடந்தது திரும்பத் திரும்ப மனதில் ஓடுவது, அதை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, குற்ற உணர்ச்சி, வெறுமை போன்ற மனமாற்றங்கள், எப்போதும் விறைப்பாக, உஷாராக இருப்பது.

இதோடு இன்னொன்றும் சேருகிறது. குண்டு வெடிக்கும்போது வரும் அழுத்த அலை மண்டையோட்டை உடைக்காமலேயே மூளையைக் குலுக்கிவிடும். வெளியே ஒரு கீறல் கூட இருக்காது. ஆனால் மறதி, தலைவலி, சட்டென்று வரும் கோபம், யோசிக்காமல் செய்துவிடும் காரியங்கள் எல்லாம் தங்கிவிடலாம். பயிற்சியின்போதும் விபத்துகளிலும் ஏற்பட்டவை உட்பட, 2000-க்குப் பிறகு அமெரிக்க ராணுவத்தினரிடம் பதிவான மூளைக் காயங்கள் 4 லட்சத்துக்கும் மேல். இவற்றில் பெரும்பாலானவை 'லேசானவை' என்ற வகையில்தான் வருகின்றன.

ராண்ட் ஆய்வு நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறிக்கை ஒரு கணக்குச் சொன்னது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பணியாற்றித் திரும்பியவர்களில் ஏறக்குறைய 5-இல் ஒருவருக்கு, அதாவது சுமார் 3 லட்சம் பேருக்கு, பி.டி.எஸ்.டி. அல்லது கடும் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. அவர்களில் சிகிச்சை தேடிப் போனவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான். மீதிப் பேர் எங்கே போனார்கள்?

நோய் வழக்காக மாறும் விதம்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடணும். பி.டி.எஸ்.டி. இருக்கிற பெரும்பாலானவர்கள் எந்தக் குற்றமும் செய்வதில்லை. "மிலிட்டரிக்காரர்னாலே கோபக்காரர், எப்ப வெடிப்பாரோ" என்பது சினிமா கற்பனை. அந்தக் கற்பனையே பலரை வேலைக்கு எடுக்காமலும் வீடு கொடுக்காமலும் செய்கிறது.

ஆனால் சிகிச்சை கிடைக்காத ஒரு சிலருக்கு ஒரு பாதை விழுகிறது. தூக்கம் வரவில்லை, அதனால் குடி. முதுகுவலிக்குக் கொடுத்த வலி மாத்திரை கொஞ்ச நாளில் பழக்கமாகிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டுகிறார். பாரில் யாரோ தோளில் இடித்ததும் கை நீண்டுவிடுகிறது. வேலை போகிறது, குடும்பம் பிரிகிறது, தெருவில் படுக்கிறார், அத்துமீறி நுழைந்ததாக வழக்கு. ஒவ்வொன்றும் தனித்தனி வழக்காகத்தான் பதிவாகும். எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற ஒரே கம்பியை யாரும் பார்க்க மாட்டார்கள்.

அமெரிக்க நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு 2011-12-க்கு எடுத்த கணக்குப்படி, அந்நாட்டுச் சிறைகளிலும் உள்ளூர் ஜெயில்களிலும் இருந்த முன்னாள் படைவீரர்கள் சுமார் 1,81,500 பேர். மொத்தக் கைதிகளில் 8 சதவீதம். இவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், தங்களுக்கு மனநலக் கோளாறு இருப்பதாக ஒரு மருத்துவரோ நிபுணரோ ஏற்கெனவே சொல்லியிருந்ததாகத் தெரிவித்தார்கள். அதாவது, நோய் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஆனாலும் போய்ச் சேர்ந்த இடம் சிறை.

உள்ளே போனால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களின் மருத்துவம், உதவித்தொகை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது முன்னாள் படைவீரர் நலத்துறை. சுருக்கமாக வி.ஏ. என்பார்கள். நாடு முழுக்கச் சொந்த மருத்துவமனைகள் வைத்திருக்கும் பிரம்மாண்டமான அமைப்பு. பி.டி.எஸ்.டி.-க்கு நன்றாக வேலை செய்கிற சிகிச்சைகள் அவர்களிடம் இருக்கின்றன. நடந்ததைப் பாதுகாப்பான சூழலில் திரும்பத் திரும்பப் பேசி, அதன் பிடியைத் தளர்த்துவது ஒரு முறை. "எல்லாம் என் தப்புதான்" என்பது போன்ற எண்ணங்களை ஆராய்ந்து மாற்றுவது இன்னொரு முறை. இரண்டாவது வழக்கமாக 12 அமர்வுகள். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு செமஸ்டருக்குள் முடிந்துவிடும்.

ஆனால் அந்த வீரர் ஜெயிலுக்குள் போன அன்றைக்கு இந்தக் கதவு மூடிக்கொள்கிறது. கைதியின் மருத்துவம் அந்தச் சிறை நிர்வாகத்தின் பொறுப்பு என்பதால், உள்ளே இருப்பவருக்கு வி.ஏ. சிகிச்சை தருவதில்லை. பெருங்குற்றத்துக்குத் தண்டனை பெற்று 60 நாளுக்கு மேல் சிறையில் இருந்தால் உதவித்தொகையும் குறையும். 20 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் என்று மதிப்பிடப்பட்டவருக்குக் கூட, 10 சதவீதத்துக்கான தொகைதான் கிடைக்கும். மிச்சத்தில் ஒரு பங்கைக் குடும்பத்துக்குத் தரச் சொல்லி விண்ணப்பிக்கலாம். ஆனால் அதைத் தெரிந்து, படிவம் போட்டு வாங்குவதற்குள் வீட்டு வாடகை பாக்கி விழுந்துவிடும்.

சிறையின் சூழலையும் யோசியுங்கள். இரும்புக் கதவு மோதும் சத்தம், எந்நேரமும் வெளிச்சம், பக்கத்தில் இருப்பவர் யாரென்று தெரியாத பயம். அலாரம் ஓயாமல் அலறும் மூளைக்கு இதைவிட மோசமான இடம் கிடைக்காது. தண்டனை முடிந்து வெளியே வரும்போது நோய் முற்றியிருக்கும், கையில் காசு இருக்காது, குற்றப் பதிவு மட்டும் புதிதாக ஒட்டியிருக்கும். அடுத்த கைது எப்போது என்பதுதான் மிச்சக் கேள்வி.

கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாஷையில் சொன்னால், தண்டனை என்பது ஓப்பன் லூப். இன்புட் கொடுத்தாச்சு, அவுட்புட் என்ன ஆச்சு என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. பஃபலோவில் செய்தது என்ன? அதில் ஒரு ஃபீட்பேக் கம்பியை இணைத்தார்கள்.

பஃபலோ மாடல் எப்படி ஓடுகிறது?

இதன் வேர் போதை வழக்குகளுக்கான நீதிமன்றங்களில் இருக்கிறது. அந்த வகையில் முதலாவது 1989-இல் மியாமி பகுதியில் தொடங்கியது. ரஸ்ஸல் 1995-இல் பஃபலோவில் அப்படி ஒன்றை ஆரம்பித்தார், பிறகு மனநல நீதிமன்றம். இந்த ரெண்டு இடங்களிலும் முன்னாள் படைவீரர்கள் தொடர்ந்து வந்துகொண்டே இருப்பதைக் கவனித்ததுதான் மூன்றாவது நீதிமன்றத்துக்கு வழி வகுத்தது.

படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலில் தேர்வு. கைதானவர் ராணுவத்தில் இருந்தவரா, அவருடைய குற்றத்துக்கும் மனநலம் அல்லது போதைப் பிரச்சினைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அரசு வக்கீலும் சம்மதிக்கணும். யாரையும் கட்டாயப்படுத்திச் சேர்ப்பதில்லை. பல இடங்களில் குற்றத்தை ஒப்புக்கொண்டால்தான் சேர முடியும்.

அடுத்தது திட்டம். சாதாரணக் கோர்ட்டில் அரசு வக்கீலும் எதிர்த்தரப்பு வக்கீலும் மோதுவார்கள். இங்கே நீதிபதி, ரெண்டு வக்கீல்கள், நன்னடத்தை அலுவலர், சிகிச்சையாளர், வி.ஏ. பிரதிநிதி எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து இவருக்கு என்ன தேவை என்று பேசுவார்கள். பஃபலோவில் ஒரு நல்ல ஏற்பாடு செய்தார்கள். வி.ஏ. பிரதிநிதி லேப்டாப்போடு கோர்ட்டிலேயே உட்கார்ந்திருப்பார். மருத்துவப் பதிவைப் பார்த்து, டாக்டரிடம் நேரம் வாங்குவது அங்கேயே முடிந்துவிடும். "அடுத்த வாரம் போய்ப் பாருங்க" என்று அனுப்பினால் பாதிப் பேர் போக மாட்டார்கள் என்பது யாருக்கும் தெரிந்ததுதானே!

மூணாவது கண்காணிப்பு. ஆரம்பத்தில் அடிக்கடி கோர்ட்டுக்கு வரணும். போதைப் பரிசோதனை உண்டு. சிகிச்சைக்குப் போனாரா, வேலை தேடுகிறாரா, வீடு கிடைத்ததா என்று நீதிபதியே நேரில் கேட்பார். ஒழுங்காக நடந்தால் எல்லார் முன்னாலும் பாராட்டு, அடுத்தடுத்த கட்டங்களுக்கு உயர்வு. தவறினால் கண்டிப்பு, சமூகச் சேவை, சில நேரம் ஓரிரு நாள் ஜெயில் கூட. ஆனால் ஒருமுறை வழுக்கி விழுந்ததற்காக வெளியே தள்ளிவிடுவதில்லை. பெரும்பாலும் ஒரு வருஷத்திலிருந்து ஒன்றரை வருஷம் வரை இது நீளும். வெற்றிகரமாக முடித்தால் வழக்கு தள்ளுபடியாகலாம், அல்லது தண்டனை குறையலாம். இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

கடைசியாக, மற்ற சிகிச்சை நீதிமன்றங்களில் இல்லாத ஒரு அங்கம்: வழித்துணைவர். இவரும் ஒரு முன்னாள் படைவீரர், சம்பளம் வாங்காத தன்னார்வலர். இவர் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. கூடவே டீ குடிப்பார், ராத்திரி போன் எடுப்பார், வி.ஏ. படிவம் நிரப்ப உதவுவார். முடிந்தவரை ஒரே படைப்பிரிவைச் சேர்ந்தவர்களை ஜோடி சேர்க்கிறார்கள். தரைப்படைக்காரரிடம் தரைப்படைக்காரர், மரீனிடம் மரீன்.

இது ஏன் வேலை செய்கிறது? ராணுவம் ஒரு மனிதருக்கு முதலில் கற்றுத் தருவதே, பக்கத்தில் இருப்பவனைக் கைவிடாதே என்பதுதான். உதவி கேட்பதை பலவீனம் என்று நினைக்கும் ஒருவர், தன் கூட்டாளியை ஏமாற்றக் கூடாது என்பதற்காகவாவது சிகிச்சைக்குப் போவார். ராணுவத்தில் ஊறிய ஒழுங்கும் விசுவாசமும் அவரிடமிருந்து போய்விடவில்லை. இந்த நீதிமன்றம் அவற்றைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்துகிறது.

கோர்ட்டுக்கு முன்பே உள்ள கதவுகள்

நீதிமன்றம் நல்லதுதான். ஆனால் ஒருவர் அங்கே வந்து சேருகிறார் என்றாலே கைவிலங்கு மாட்டியாச்சு, யாரோ ஒருவருக்குப் பாதிப்பும் நடந்திருக்கலாம். அதற்கு முன்னாலேயே தடுக்க முடியாதா?

மார்க் முனெட்ஸ், பாட்ரிஷியா கிரிஃபின் என்ற இருவர் 2006-இல் ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். மனநோய் உள்ள ஒருவர் தெருவிலிருந்து சிறைக்குப் போகும் பாதையில் எந்தெந்த இடத்தில் மடக்கித் திருப்பலாம் என்று காட்டும் படம் அது. பார்த்தால் நம் ஃப்ளோசார்ட் மாதிரியே இருக்கும். முதலில் போலீஸ், அடுத்து முதல் விசாரணை, பிறகு ஜெயிலும் கோர்ட்டும், அப்புறம் விடுதலை, கடைசியாக வெளியில் நன்னடத்தைக் காலம். போலீஸுக்கும் முன்னால், நெருக்கடி நேர உதவிக்கு 'பூஜ்யம்' என்று ஒரு கட்டத்தைப் பின்னாளில் சேர்த்தார்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு ஃபில்டர். முன்னாடி இருக்கும் ஃபில்டர் நன்றாக வேலை செய்தால் பின்னாடி வரும் கூட்டம் குறையும்.

பூஜ்யம் கட்டத்தில் இருப்பது தொலைபேசி. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான நெருக்கடி உதவி எண் 2007-இல் தொடங்கியது. 2022 ஜூலையிலிருந்து 988-ஐ அழைத்து 1-ஐ அழுத்தினால் போதும், 24 மணி நேரமும் ஆள் இருப்பார். 2023 ஜனவரி முதல் இன்னொரு வசதியும் வந்தது. தற்கொலை நெருக்கடியில் இருக்கும் முன்னாள் படைவீரர், வி.ஏ. மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, எங்கே போனாலும் அவசர சிகிச்சை இலவசம். 30 நாள் வரை உள்நோயாளியாகவும், 90 நாள் வரை வெளிநோயாளியாகவும் பார்ப்பார்கள். வி.ஏ.-வில் ஏற்கெனவே பெயர் பதிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது.

அடுத்த கட்டம் போலீஸ். 1987-இல் டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரில், கத்தியால் தன்னையே காயப்படுத்திக்கொண்டிருந்த மனநோயாளி ஒருவரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஊரே கொந்தளித்தது. மறு வருஷமே போலீஸும் மருத்துவர்களும் நோயாளிகளின் குடும்பங்களும் சேர்ந்து 40 மணி நேரப் பயிற்சி ஒன்றை உருவாக்கினார்கள். கத்தாமல் பேசுவது, இடைவெளி விட்டு நிற்பது, அவசரப்படாமல் நேரம் கொடுப்பது, ஜெயிலுக்குப் பதில் மருத்துவமனைக்குக் கொண்டு போவது ஆகியவைதான் பாடம். இன்று பல நகரங்களில் அது பின்பற்றப்படுகிறது. பயிற்சி பெற்ற காவலர் எதிரில் நிற்பவரிடம், "நீங்க ராணுவத்துல இருந்தீங்களா? எந்தப் பிரிவு?" என்று கேட்டாலே சில நேரம் அந்த இடத்துச் சூடு பாதி தணிந்துவிடும்.

மூணாவது, ஜெயில் வாசல். இங்கேதான் நம் துறைக்கு வேலை. கைதானவர்கள் பலர் தாங்கள் ராணுவத்தில் இருந்ததைச் சொல்வதில்லை. சிலருக்கு வெட்கம், சிலருக்கு உதவித்தொகை போய்விடுமோ என்ற பயம். இன்னும் சிலர், குறிப்பாகப் போர்முனைக்குப் போகாதவர்களும் பெண்களும், தங்களை 'வெட்டரன்' என்று நினைத்துக்கொள்வதே இல்லை. அதனால் கேள்வியை மாற்றச் சொல்கிறார்கள். "நீங்க வெட்டரனா?" என்று கேட்காதீர்கள், "எப்போதாவது ராணுவத்தில் பணியாற்றியிருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். கேள்வியில் ஒரு சொல் மாறினால் பதிலும் மாறும்.

கேட்டும் சொல்லாதவர்களுக்காக வி.ஏ. ஒரு இணைய வசதி வைத்திருக்கிறது. சிறை நிர்வாகம் கைதிகளின் பட்டியலை அப்லோட் செய்தால், ராணுவப் பணிப் பதிவுகளோடு ஒப்பிட்டு யாரெல்லாம் முன்னாள் படைவீரர்கள் என்று திருப்பித் தரும். ரெண்டு டேட்டாபேஸை இணைக்கும் ஒரு சின்ன வேலைதான். ஆனால் அந்தப் பட்டியலில் பெயர் வந்தால் ஒருவரின் வாழ்க்கைப் பாதையே மாறக்கூடும். 2009-இல் வி.ஏ. தொடங்கிய இன்னொரு திட்டத்தின்படி, அதன் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் குறைந்தது ஒரு அலுவலர் இருக்கிறார். ஜெயில்களுக்கும் கோர்ட்டுகளுக்கும் போய் இப்படிப்பட்டவர்களைச் சந்தித்துச் சிகிச்சையோடு இணைப்பதே அவர் வேலை.

யாரும் கேட்காமல் போனால்?

ஜார்ஜ் போர்ட்டர் என்பவரின் வழக்கைப் பாருங்கள். 17 வயதில் ராணுவத்தில் சேர்ந்தவர். கொரியப் போரில் மிகக் கடுமையான ரெண்டு சண்டைகளில் இருந்தார், ரெண்டு தடவை காயப்பட்டார். திரும்பி வந்த பிறகு கொடுங்கனவுகள், குடி. 1986-இல் ஃப்ளோரிடாவில் தன் முன்னாள் காதலியையும் இன்னொருவரையும் கொன்றார். மரண தண்டனை விதிக்கப்பட்டது. விசாரணையின்போது அவருடைய வக்கீல் ராணுவப் பதிவுகளைத் தேடவே இல்லை. போரில் அவர் பட்டதெல்லாம் தீர்ப்புச் சொன்னவர்கள் காதுக்குப் போகவே இல்லை.

2009 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்த வக்கீல் தன் கடமையைச் செய்யவில்லை என்று சொல்லி, அந்தத் தண்டனை விஷயத்தில் போர்ட்டருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. போர்முனையில் நின்றவர்களிடம் இரக்கம் காட்டுவது இந்த நாட்டின் நீண்ட மரபு என்றும் குறிப்பிட்டது. அவர் நிரபராதி என்று கோர்ட் சொல்லவில்லை. அந்த ரெண்டு உயிர்கள் போனது போனதுதான். ஆனால், "போரிலிருந்து வந்ததும் உங்களுக்கு என்ன ஆச்சு?" என்ற கேள்வி 1950-களிலேயே கேட்கப்பட்டிருந்தால், 1986-இல் ரெண்டு பேர் உயிரோடு இருந்திருக்கலாமோ என்ற எண்ணம் வராமல் இருக்காது.

எதிர்க் கேள்விகளும் நியாயமானவைதான்

இந்த நீதிமன்றங்களைப் பாராட்டிவிட்டு மட்டும் போனால் பாடம் முழுமையாகாது.

முதல் கேள்வி: ராணுவத்தில் இருந்தால் மட்டும் தனிச் சலுகையா? சிறு வயதிலிருந்து வன்முறைக்கு நடுவே வளர்ந்தவருக்கும் இதே நோய் வரும். அவருக்கு மட்டும் ஏன் ஜெயில்? இதற்குச் சொல்லப்படும் பதில், நோயை உண்டாக்கிய வேலைக்கு அனுப்பியதே அரசுதான், அதனால் அரசுக்குத் தனிக் கடமை உண்டு என்பது. பாதி நியாயமான பதில். மீதிப் பாதி, இந்த முறை வேலை செய்கிறது என்றால் மற்றவர்களுக்கும் ஏன் விரிக்கக் கூடாது என்று திரும்ப நம்மையே கேட்கிறது.

ரெண்டாவது: பாதிக்கப்பட்டவர் நிலை என்ன? குறிப்பாக வீட்டு வன்முறை வழக்குகள். அடிபட்ட மனைவிக்கு, 'இவர் நோயாளி, சிகிச்சைக்கு அனுப்புகிறோம்' என்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. அதனால் சில நீதிமன்றங்கள் இத்தகைய வழக்குகளை எடுப்பதே இல்லை. எடுக்கிற இடங்களில் பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்புக்கான ஏற்பாடும் கூடவே இருந்தாக வேண்டும்.

மூணாவது ஓட்டை ரொம்பப் பெரியது. ராணுவத்தில் இருக்கும்போதே நோய் வந்து, அதனால் கட்டுப்பாட்டை மீறி, ஒழுங்கீனம் என்று வெளியேற்றப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்துக்கான தணிக்கை அமைப்பு 2017-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2011 முதல் 2015 வரை ஒழுங்கீனத்துக்காக வெளியேற்றப்பட்டவர்கள் 91,764 பேர். அவர்களில் 62 சதவீதம் பேருக்கு, வெளியேறுவதற்கு முந்தைய ரெண்டு வருஷத்துக்குள் பி.டி.எஸ்.டி., மூளைக்காயம், மது சார்ந்த கோளாறு போன்று ஏதோ ஒன்று இருப்பதாக மருத்துவப் பதிவு இருந்தது. மோசமான சான்றிதழோடு வெளியே வந்தால் வி.ஏ. சலுகைகள் பலவும் கிடைக்காது, சில சிகிச்சை நீதிமன்றங்களிலும் இடம் கிடையாது. யாருக்கு உதவி அதிகம் தேவையோ அவரைத்தான் ஃபில்டர் முதலில் வெளியே தள்ளுகிறது. சட்டங்கள் மெல்ல மாறுகின்றன, ஆனால் ஓட்டை இன்னும் அடையவில்லை.

நாலாவது: எந்த ஊரில் கைதானீர்கள் என்பதைப் பொறுத்து விதி மாறுகிறது. ஒரு மாவட்டத்தில் இந்த நீதிமன்றம் இருக்கும், பக்கத்து மாவட்டத்தில் இருக்காது. மின்னசோட்டா மாநிலம் 2021-இல் இதற்கு ஒரு வழி கண்டது. தனி நீதிமன்றம் இல்லாத ஊரிலும் எந்த நீதிபதியும் இந்த முறையைப் பின்பற்றலாம் என்று சட்டமே போட்டார்கள்.

கடைசியாக, உண்மையிலேயே பலன் இருக்கிறதா? இந்த நீதிமன்றங்களில் பங்கேற்ற ஏறக்குறைய 8,000 பேரைப் பற்றிய ஒரு தேசிய ஆய்வில், சராசரியாக ஒரு வருஷ காலத்தில் 14 சதவீதம் பேர் மறுபடி சிறைக்குப் போயிருந்தார்கள். சொந்த வீடும் வி.ஏ. உதவித்தொகையும் பெற்றவர்களின் விகிதம் பத்து சதவீதத்துக்குப் பக்கத்தில் உயர்ந்தது. ஆனால் வேலை கிடைத்தவர்களின் விகிதம் 1 சதவீதம்தான் கூடியது. சிகிச்சை கொடுத்தாச்சு, வீடும் கிடைச்சாச்சு, வேலை இல்லை என்றால் எவ்வளவு நாள் தாங்கும்? இன்னொன்றையும் கவனிக்கணும். திருந்த வாய்ப்புள்ளவர்களையே தேர்ந்தெடுத்துச் சேர்க்கிறார்கள் என்றால், வெற்றி விகிதம் தானாகவே அழகாகத் தெரியும். ஒப்பிட்டுப் பார்க்கக் கன்ட்ரோல் குரூப் இல்லாமல் ரிசல்ட்டை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்பதை லேபில் படித்திருக்கிறோம்தானே.

நமக்கான பாடம்

இவ்வளவையும் சுருக்கினால் மிஞ்சுவது ஒரு எளிய விஷயம். உடைந்துபோன ஒருவர் நம் முன்னால் வந்து நிற்கும்போது அமைப்புகள் வழக்கமாகக் கேட்பது, "நீ என்ன செய்தாய்?" அதையும் கேட்கத்தான் வேண்டும், ஏனென்றால் பாதிக்கப்பட்டவருக்கு அந்தப் பதில் தேவை. ஆனால் அதோடு, "உனக்கு என்ன நடந்தது?" என்றும் கேட்டால்தான் அடுத்த குற்றத்தைத் தடுக்க முடியும். தொலைபேசியில், தெருவில், ஜெயில் வாசலில், கோர்ட்டில் என்று எத்தனை சீக்கிரம் கேட்கிறோமோ அத்தனை பேர் மிச்சமாவார்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்கப் பெரிய பட்டம் வேண்டாம். கோர்ட்டில் ஒரு லேப்டாப், ரெண்டு பட்டியலை ஒப்பிடும் ஒரு புரோகிராம், படிவத்தில் திருத்திய ஒரே ஒரு சொல், வராந்தாவில் இருபது நிமிஷம் பேச ஒரு ஆள். செலவு என்று பார்த்தால் ஒரு சிறை அறைக்கு ஆவதை விடக் குறைவு. நாளைக்கு நம்மில் யாராவது ஒருவர் ஏதோ ஒரு அரசுத் துறைக்கு ஒரு படிவமோ, ஒரு போர்ட்டலோ வடிவமைக்க உட்காரலாம். அந்த ஸ்க்ரீனுக்கு எதிரில் உட்காரப் போகிறவர் வாழ்க்கையின் மிக மோசமான நாளில் இருக்கலாம். அவரிடம் எந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்று நாம்தான் முடிவு செய்யப் போகிறோம்.